காட்டுக்காளான அடையாளம் பாக்கணும்னா அடியில இருந்து ஆரம்பிங்க

மழை பெஞ்சு ரெண்டு மூணு நாள்ல பாத்தா தரையெல்லாம் காளானா முளைச்சு நிக்கும், உடனே மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து ஏதாவது ஆப்ல போட்டா ஒரு பேரு வரும், அந்தப் பேர நம்பி சமைக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. தயவுசெஞ்சு வேணாம். அந்த போட்டோல தெரியறது தொப்பி மட்டும்தான், காளான்லயே அதிகமா ஏமாத்தறது தொப்பிதான். ஒரே காளான் நனைஞ்சா ஒரு கலர், காஞ்சா வேற கலர், சின்னதா இருக்கும்போது முட்ட மாதிரி, முத்துனா தட்டு மாதிரி.

அதனால நான் அடியில இருந்துதான் ஆரம்பிப்பேன். காம்ப கிள்ளாதீங்க, வெட்டாதீங்க, சுத்தி இருக்கற மண்ண கத்தியால கிளறி முழுசா நோண்டி எடுங்க (விஷக்காளானா இருந்தாலும் தொட்டா ஒண்ணும் ஆகாது, பயப்பட வேணாம்). மண்ணுக்குள்ள காம்போட அடிய சுத்தி, உடைஞ்ச முட்ட ஓடு மாதிரி சவ்வா ஒரு பை இருக்கான்னு பாருங்க. அந்தப் பையும், காம்புல பாவாடை மாதிரி தொங்கற வளையமும், தொப்பிக்கு அடியில வெள்ள மடிப்பும் சேந்து இருந்தா அது அமானிட்டா வகைன்னு சந்தேகப்பட்டு அங்கயே விட்டுடுங்க, ஆளையே கொல்ற டெத் கேப் காளான் இந்த வகைலதான் வருது. மழையில வளையம் விழுந்திருக்கலாம், அதனால வளையம் இல்லன்னு தைரியமாயிடாதீங்க. கிள்ளிட்டு வந்தா முக்கியமான சாட்சியான அந்தப் பை மண்ணுலயே தங்கிடும்.

இன்னொரு சிக்கல், வைக்கோல் காளானுக்கும் அடியில பை உண்டு. மொட்டா இருக்கும்போது அதையும் டெத் கேப்பையும் பக்கத்துல வெச்சா ரெண்டும் சின்ன முட்டதான். வைக்கோல் காளான்ல வளையம் இருக்காது, முத்த முத்த அடி மடிப்பு ரோஸ் கலருக்கு மாறும், ஆனா மொட்டுல அதெல்லாம் எங்க தெரியப்போகுது? அதனால காட்டுல கெடைக்கற மொட்டுக்காளான சாப்பிடறதுக்கு நான் எடுக்கறதே இல்ல. ஆஸ்திரேலியால கான்பெராவுல 2012 புத்தாண்டு சமயத்துல டெத் கேப்ப நல்ல காளான்னு நெனச்சு சமைச்சு சாப்பிட்டு ரெண்டு பேர் செத்தே போனாங்க. உருண்டையா வெள்ளையா பஃப்பால் (தனியா தொப்பி இல்லாம பந்து மாதிரி வர்ற காளான்) மாதிரி எது கெடைச்சாலும் மேல இருந்து கீழ நேரா ரெண்டா வெட்டிப் பாருங்க, நெஜ பஃப்பால் உள்ள பனீர் மாதிரி ஒரே வெள்ளையா இருக்கும், அமானிட்டா மொட்டுன்னா தொப்பி காம்பு மடிப்பு எல்லாம் கோடு கோடா குட்டிக்காளானா உள்ள தெரியும்.

அடுத்து தொப்பியோட அடிப்பக்கம். மடிப்பா, ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டையா, முள்ளு முள்ளா தொங்குதா? மடிப்புன்னா காம்ப தொடாம நிக்குதா, ஒட்டியிருக்கா, காம்புல கீழ வரைக்கும் எறங்குதா? சான்டரெல்னு ஒரு மஞ்சக்காளான ஆசையா தேடுவாங்க, அதுல இருக்கறது மடிப்பே இல்ல, மழுங்கலா கிளை பிரியற வரிதான், பிச்சு எடுக்க முடியாது. அதே மாதிரி தெரியற ஜாக் ஓ லேன்டர்ன்ல மெல்லிசா கூர்மையா நெஜ மடிப்பு இருக்கும், மரத்துலயோ மண்ணுக்குள்ள பொதைஞ்ச வேர்லயோ கொத்து கொத்தா வரும், சாப்பிட்டா வாந்தி பின்னிடும். ஆக எங்க முளைச்சிருக்கு, மண்ணா மரமா, பக்கத்துல என்ன மரம்னு அங்கயே எழுதி வெச்சுக்கோங்க, வீட்டுக்கு வந்தா மறந்துடும்.

இப்ப ஸ்போர் பிரிண்ட், அதாவது மடிப்புல இருந்து உதிர்ற ஸ்போர்ங்கற விதை மாதிரி தூள் பேப்பர்ல விழற அச்சு, நிறைய பேர் சோம்பல்பட்டு விடறது இதத்தான். காம்ப வெட்டிட்டு தொப்பிய மடிப்பு கீழ பாக்கற மாதிரி பாதி வெள்ள பேப்பர் பாதி கறுப்பு பேப்பர் மேல வைங்க, ஒரு கிண்ணத்த கவுத்து மூடி ராத்திரி முழுக்க விட்டுடுங்க. ஒரு தடவ புல்தரைல பெரிய வெள்ளக்காளான் ஒண்ணு கெடைச்சுது, மேல பழுப்பு செதில், காம்புல வளையம், அடியில பை கெடையாது, மடிப்பு பளிச்சுனு வெள்ள, நல்ல பாராசோல் காளானேதான்னு மனசு சொல்லிடுச்சு. காலைல கிண்ணத்த தூக்கினா பேப்பர்ல மடிப்போட அச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு சக்கரத்துக் கம்பி மாதிரி வரி வரியா, எல்லாமே பாசி படிஞ்ச மாதிரி பச்சை. பச்சை ஸ்போர்னா குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், வயித்த கலக்கி ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டு போற காளான். மடிப்பு பச்சையாகறதுக்கு வயசாகணும், ஸ்போர் மட்டும் முன்னாடியே காட்டிக்கொடுத்துடுச்சு. அமானிட்டாவுக்கு வெள்ளையா விழும், வைக்கோல் காளானுக்கு ரோஸ், பட்டன் காளானோட சொந்தக்காரங்களுக்கு சாக்லேட் பழுப்பு, கார்ட்டினேரியஸ்னு கிட்னிய கெடுக்கற வகை இருக்கு, அதுக்கு துரு கலர்.

மோந்தும் பாக்கணும். பட்டன் காளான் மாதிரியே ஒண்ணு வரும், காம்போட அடிய நகத்தால கீறுனா பளீர்னு மஞ்சளாகும், இங்க் வாடை அடிக்கும், அதுவும் வயித்துக்கு ஆகாது.

வெள்ளி ஸ்பூன் கறுத்தா விஷம், பூண்டு நெறம் மாறினா விஷம், பூச்சி கடிச்சிருந்தா நல்லது, தோல் உரிஞ்சு வந்தா நல்லதுன்னு சொல்றது எதுவுமே உண்மை இல்ல. டெத் கேப்ப நத்தை நிம்மதியா தின்னுட்டு போகும். கொதிக்க வெச்சாலும் காய வெச்சாலும் அதுல இருக்கற அமாடாக்சின்ங்கற விஷம் அழியாது. பார்த்த அடையாளத்துல ஒண்ணு பொருந்தலன்னாலும் தூக்கி போட்டுடுங்க, எல்லாமே பொருந்தினாலும் முதல் சில வருஷம் அந்தக் காளான நேர்ல தெரிஞ்ச ஒருத்தர் கையில குடுத்து பாக்கச் சொல்லாம சமைக்காதீங்க.

சமைக்கும்போது ஒரு முழு காளான சமைக்காம பேப்பர் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம், அழுகிடும். ஏன்னா அமாடாக்சின் உள்ள போனா 6ல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, அப்புறம் வாந்தி பேதி, அது நின்னு ஒரு நாள் சரியாயிட்ட மாதிரி இருக்கும், அந்த நேரத்துலதான் கல்லீரல் கெட்டுட்டு இருக்கும். வாந்தி நின்னுடுச்சேன்னு வீட்டுலயே இருக்காதீங்க, அந்தக் காளானையும் எத்தன மணிக்கு சாப்பிட்டீங்கன்றதையும் எடுத்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, கூட சாப்பிட்டவங்க நல்லா இருந்தாலும் அவங்களையும் கூட்டிட்டு போங்க.