லேபிளை நம்பி ஏமாறாதீர்கள்: பழைய டூ-வாப் தட்டுகளைத் தேடுவோருக்கு

1950களின் அமெரிக்காவில் ரெக்கார்டு கம்பெனி தொடங்கப் பெரிய முதல் தேவைப்படவில்லை. நியூயார்க்கின் ஹார்லெமில் பாபி ராபின்சன் ரெக்கார்டு கடை வைத்திருந்தார். அந்தக் கடையிலிருந்துதான் ரெட் ராபின் கம்பெனி பிறந்தது. இப்படிப்பட்ட சிறு முதலாளிகள் தெருமுனையில் பாடித் திரிந்த கறுப்பின இளைஞர்களை அழைத்துவந்து பதிவு செய்த டூ-வாப் பாட்டுகளில் (ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் குரலாலேயே பின்னிசை கொடுக்கும் குழுப்பாட்டு) பல, சொந்த ஊரைத் தாண்டவே இல்லை. இன்று யூடியூப் புண்ணியத்தில் அவை மறுபடி காதில் விழுகின்றன. புதிதாகத் தேட வருபவர்கள் சறுக்குவதோ பெரும்பாலும் ஒரே இடத்தில்: தட்டின் நடுவே ஒட்டிய லேபிள் காகிதத்தில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

குழுவின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் பிஹாரி சகோதரர்கள் ஒரே குழுவை ஆர்பிஎம் லேபிளில் (கம்பெனி தட்டு விற்கும் பெயரையும் லேபிள் என்பார்கள்) 'ஜாக்ஸ்' என்றும் மாடர்ன் லேபிளில் 'கேடட்ஸ்' என்றும் விற்றார்கள். மறுபக்கம், பெயர் ஒன்று, ஆட்கள் வேறு. 1953இல் டீன் பார்லோ தலைமையில் பாடிய பிராங்க்ஸ் 'கிரிக்கெட்ஸ்' குழுவுக்கும் ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியின் 'கிரிக்கெட்ஸ்' குழுவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே குழுவுக்குள்ளும் குரல் மாறும். 'ஃபைவ் சாட்டின்ஸ்' 1956இல் நியூ ஹேவன் நகரில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பாடிப் பதிவு செய்த 'இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்' பாட்டில் முன்குரல் ஃப்ரெட் பாரிஸ். அவர் ராணுவத்தில் இருந்தபோது வந்த அடுத்த வெற்றிப் பாட்டில் முன்குரல் பில் பேக்கர். தட்டில் பெயர் மட்டும் மாறவில்லை. 'இவர் குரல்தான்' என்று சத்தியம் செய்வதற்கு முன் பதிவு நடந்த தேதியைப் பாருங்கள்.

பாட்டு எழுதியவர் என்று போட்டிருக்கும் பெயர் அதைவிட மோசம். டீனேஜர்ஸ் குழு பாடிய 'வை டு ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' பாட்டின் உரிமையில் முதலில் தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னர் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அந்த இடத்துக்கு, அவருடைய கம்பெனிகளை வாங்கிய மாரிஸ் லெவி வந்தார். இருவரும் ஒரு வரி எழுதியதில்லை. அந்தக் குழுவின் சாண்டியாகோவும் மெர்ச்சன்ட்டும்தான் எழுதினார்கள் என்று 1992இல் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் வழக்குப் போடும் காலக்கெடு கடந்துவிட்டது என்று சொல்லி 1996இல் மேல்நீதிமன்றம் அதைக் கவிழ்த்துவிட்டது. சட்டப்படி சரி, நியாயப்படி எப்படியென்று நீங்களே சொல்லுங்கள்.

லேபிளின் நிறத்தை வைத்து 'இதுதான் முதல் அச்சு' என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. 1954இல் பெங்குவின்ஸ் குழுவின் 'எர்த் ஏஞ்சல்' கிளப்பிய தேவையைச் சமாளிக்க முடியாமல், டூடோன் கம்பெனி கிடைத்த நிறக் காகிதத்திலெல்லாம் லேபிள் அடித்தது. பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அங்கே கீறியிருக்கும் எண்கள் பொய் சொல்வது குறைவு. லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் என்ற தட்டு ஆலை ஒரு சிறு முக்கோணமும் வரிசை எண்ணும் பொறிக்கும். அதை வைத்துக் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

மறுவெளியீடுதான் பெரிய பொறி. ஃபிளமிங்கோஸ் குழு 1953இல் சிகாகோவின் சான்ஸ் லேபிளுக்குப் பாடிய 'கோல்டன் டியர்டிராப்ஸ்' பாட்டை 1961இல் வீ-ஜே மறுபடி வெளியிட்டபோது மேலே ஒரு கிட்டாரை ஏற்றிவிட்டது. அதை மட்டும் கேட்டவருக்கு அந்தக் குரல்களுக்கு நடுவே இருந்த வெட்டவெளி தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் அது கெடுத்த வேலை.

ஃபைவ் ஷார்ப்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 1952இல் ஜூபிலி லேபிளில் வந்த அவர்களுடைய 'ஸ்டார்மி வெதர்' இடிமழைச் சத்தத்தோடு தொடங்கும். விற்கவில்லை, மறந்துபோனது. பல வருடம் கழித்து நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயர் சுரங்கப்பாதைக் கடைக்காரர் ஸ்லிம் ரோஸ் ஒரு பிரதிக்குப் பரிசு அறிவித்தார். தேடிப் பார்த்தால் ஜூபிலியிடமே மூல நாடா இல்லை. உடனே 1964இல் வேறு ஆட்களை வைத்து, அதே குழுப்பெயரில், அதே பாட்டை ஜூபிலி புதிதாகப் பாடவைத்து வெளியிட்டது! இன்று அறியப்பட்ட 1952 அசல் பிரதிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள் மட்டுமே. 'அசல் 45' (நிமிடத்துக்கு 45 முறை சுழலும் தட்டு) என்று யாராவது நீட்டினால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

அந்தப் பாட்டு உயர்ந்த பாட்டா? இல்லை. பயிற்சி போதாத இளைஞர்களின் சுமாரான முயற்சி. தட்டின் விலை சொல்வது அது எவ்வளவு அரிது என்பதை மட்டும்தான். அற்புதமாகப் பாடிய எத்தனையோ தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றதாலேயே இன்று மலிவாகக் கிடைக்கின்றன.

பின்பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். 'எர்த் ஏஞ்சல்' முதலில் 'ஹே செனோரிட்டா' பாட்டின் பின்பக்கமாகத்தான் வந்தது. டிஜேக்கள் திருப்பிப் போட்டதால் பிழைத்தது.

கடைசியாக, 78 தட்டு கையில் கிடைத்தால் வீட்டில் எல்பிக்கு வைத்திருக்கும் ஊசியில் ஓட்டாதீர்கள். 78இன் பள்ளம் அகலம். மெல்லிய ஊசி அடியில் இறங்கி அழுக்கையும் இரைச்சலையும்தான் எடுத்துக் கொடுக்கும். அதற்கென்று 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவில் தடித்த ஊசி விற்கிறது. அதை வாங்கிப் போட்ட பிறகு பின்குரல்கள் எவ்வளவு மேலே வருகின்றன என்று கேளுங்கள்.