புதைபடிவத் தளம் ஒன்றைப் படிப்பது எப்படி: எஞ்சியவையும் எஞ்சாதவையும்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண் மேடுகளைப் பார்க்கச் செல்பவர்கள், அங்குக் கிடைப்பவற்றை மட்டும் எண்ணி, அன்றைய கடலில் அவையே மிகுதியாக வாழ்ந்தன என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இது பெரும் பிழை. கிடைத்த ஒவ்வொன்றைப் பற்றியும், கிடைக்காத ஒவ்வொன்றைப் பற்றியும், அது கல்லாக எஞ்சும் வாய்ப்பு எவ்வளவு இருந்தது என்பதை முதலில் மதிப்பிட வேண்டும்.

உடலில் கெட்டியான உறுப்பு உண்டா என்று பாருங்கள். ஜெல்லிமீனும் புழுவும் எத்தனை கோடி வாழ்ந்திருந்தாலும் பெரும்பாலும் அழுகி மறைந்துவிடும். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனதால் அரிதாகவே எஞ்சுகிறது; ஆனால் அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் உதிர்ந்து புதிதாக முளைப்பதாலும், அவற்றின் மேற்பரப்பு மிக உறுதியானது என்பதாலும், ஒரே சுறா பல்லாயிரம் பற்களை விட்டுச்செல்லக்கூடும். ஆகவே பற்களின் எண்ணிக்கையைச் சுறாக்களின் எண்ணிக்கையாகக் கொள்ளாதீர்கள்.

அடுத்து, அந்த உறுப்பு எந்தக் கனிமத்தால் ஆனது என்று கேளுங்கள். பலரும் விட்டுவிடும் இந்தக் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். காரையில் விரல் போல நீண்டு கூம்பி முடியும் பெலம்னைட்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. கணவாயின் உறவினமான அவ்விலங்கின் உடலுக்குள் இருந்த இக்கூம்பு, எளிதில் கரையாத கால்சைட் என்னும் கனிமத்தால் ஆனது. உடைந்த முனையை உருப்பெருக்கியில் பார்த்தால், நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும் படிக இழைகள் இன்றும் தெரியும். கணவாயின் மற்றோர் உறவினமான, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டின் ஓடோ எளிதில் கரையும் அரகொனைட் என்னும் கனிமத்தால் ஆனது. ஓடு கரைந்த பின்னும் உள்ளே நிரம்பிய சேறு இறுகி அச்சாக நிற்பதால்தான், ஓட்டின் உட்புறத்தை அறைகளாகப் பிரித்த சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் நெளிநெளியான கோடுகளாக வெளியே தெரிகின்றன. அத்தகைய அச்சு உருவாகாத இடத்தில், இரண்டும் ஒரே கடலில் நீந்தியிருந்தாலும், பெலம்னைட் மட்டுமே எஞ்சியிருக்கும்.

பிறகு, புதைந்த விதத்தைக் கவனியுங்கள். இருவோட்டுச் சிப்பியின் இரு ஓடுகளும் மூடியபடியே இருந்தால், அது சேற்றுக்குள் வாழ்ந்த இடத்திலேயே மடிந்திருக்கலாம், அல்லது மடிந்த உடன் மூடப்பட்டிருக்கலாம். ஓடுகள் பிரிந்து விளிம்பு தேய்ந்திருந்தால், அலை அவற்றை நெடுநேரம் புரட்டியிருக்கிறது. நிலத்தில் மடிந்த விலங்குக்கு எஞ்சும் வாய்ப்பு குறைவு: பிணந்தின்னிகளும் வெயிலும் மழையும், பல காடுகளில் அமிலத்தன்மை கொண்ட மண்ணும் எலும்பைச் சிதைத்துவிடுகின்றன. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில், ஆற்றுப் படிவுகளில் கிடைத்த டைனோசர் எலும்புகள் பெரும்பாலும் துண்டுகளாகவே இருப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விதிவிலக்குகளையும் மறக்கக் கூடாது. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபனில், உப்பு மிகுந்து உயிர்வளி குறைந்த காயல் அடித்தளத்தில் பிணந்தின்னிகள் வாழ முடியாததால், பறவை போன்ற தொல்விலங்கான ஆர்க்கியாப்டெரிக்ஸின் இறகுகளின் பதிவும் ஜெல்லிமீனின் அச்சும் நுண்சேற்றில் எஞ்சின. அத்தகைய தளத்தில் மட்டுமே ஒரு விலங்கின் இன்மைக்குச் சற்று எடை கொடுக்கலாம். காரை போன்ற தளத்தில் கெட்டியான உறுப்பில்லாத விலங்கு ஒன்றைக் காணாவிட்டால், குறிப்பேட்டில் "வாழவில்லை" என்று எழுதாமல் "எஞ்சவில்லை" என்று எழுதுங்கள். கண்டெடுத்தவற்றை அளந்து, படமெடுத்து, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், ஏனெனில் படிந்திருந்த அடுக்கிலிருந்து பெயர்த்த பின் அவை எப்படிப் புதைந்தன என்பதை எவராலும் மீண்டும் சரிபார்க்க இயலாது.