கர்னல் பில்டு பாதியில் நின்றால் உதவி கேட்பது எப்படி?

முதன்முறையாக லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, அதன் மூலநிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்கிறீர்கள் (இதைத்தான் பில்டு என்கிறோம்). முக்கால் மணி நேரம் திரையில் வரிகள் ஓடுகின்றன. அப்புறம் "எர்ரர் 2" என்று காட்டிவிட்டு எல்லாம் நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. உங்கள் மேல் யாருக்கும் கோபமில்லை. எங்கோ ஒரு வேலை தோற்றது என்பதைத் தவிர அந்த வரியில் வேறு தகவலே கிடையாது, அவ்வளவுதான்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படி 1: முதல் பிழையைப் பிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். கம்பைல் வேலையை நடத்தும் "மேக்" கட்டளையை "மேக் -ஜே8" என்று ஓட்டும்போது எட்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. அவற்றில் ஒன்று தோற்றாலும் மற்ற ஏழும் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அதனால் உண்மையான பிழை நூறு வரிகளுக்கு மேலே புதைந்துவிடும். கடைசியில் தெரிவது, உள் அடைவில் நேர்ந்த தோல்வியை மேல் அடைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிப்பது மட்டுமே.

இதற்கு எளிய வழி இருக்கிறது. எதையும் அழிக்காமல், "மேக் கிளீன்" கொடுக்காமல், வெறும் "மேக்" என்று மறுபடி ஓட்டுங்கள். ஏற்கெனவே கம்பைல் ஆன கோப்புகளை அது மீண்டும் தொடாது. ஒவ்வொரு வேலையாகச் செய்துகொண்டு போய், சிக்கலான இடத்தில் சரியாக நிற்கும். பிழை திரையின் அடியிலேயே இருக்கும். வெளியீட்டைக் கோப்பிலும் சேமிக்க "மேக் 2>&1 | டீ பில்டு.லாக்" என்று கொடுங்கள்.

படி 2: வழக்கமான காரணங்களைப் பாருங்கள்

புதியவர்கள் சந்திக்கும் பிழைகளில் நிறைய, ஏதோ ஒரு தொகுப்பு இல்லாததால் வருபவை. "ஓப்பன்எஸ்எஸ்எல்" என்று தொடங்கும் ஹெடர் கோப்பு இல்லை என்றால் டெபியனிலும் உபுண்டுவிலும் "லிப்எஸ்எஸ்எல்-டெவ்" நிறுவுங்கள். "கெல்ஃப்" ஹெடர் இல்லை என்றால் "லிப்எல்ஃப்-டெவ்". ஃப்ளெக்ஸ், பைசன், பிசி ஆகிய மூன்றும் கண்டிப்பாக வேண்டும். "கில்டு" என்று வந்தால் பெரும்பாலும் ரேம் போதவில்லை என்று பொருள். -ஜே எண்ணைக் குறைத்துப் பாருங்கள்.

கம்பைலரின் பதிப்பையும் பார்க்க வேண்டும். கர்னலின் மூலநிரலோடு வரும் "டாக்குமென்டேஷன்" அடைவில், "பிராசஸ்" என்பதற்குள் "சேஞ்சஸ்" என்று ஒரு கோப்பு இருக்கிறது. குறைந்தபட்சம் எந்தக் கருவி எந்தப் பதிப்பில் வேண்டும் என்ற பட்டியல் அதில் உண்டு. கம்பைலர் மிகப் புதிதாக இருந்தாலும் தொல்லைதான். 2025இல் வந்த ஜிசிசி 15 கம்பைலர், சி மொழியின் சி23 தரத்தை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அதில் "பூல்", "ஃபால்ஸ்" எல்லாம் மொழியின் சொந்தச் சொற்களாகிவிட்டதால் பழைய கர்னல்கள் அங்கே தடுக்கி விழுகின்றன.

நான் இரண்டு நாள் தவித்தது வேறொரு பிழையில். "நோ ரூல் டு மேக் டார்கெட்" என்று சொல்லி, பெம் என முடியும் ஒரு சான்றிதழ்க் கோப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கர்னலில் எதையெல்லாம் சேர்ப்பது என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பை "பூட்" அடைவிலிருந்து அப்படியே நகலெடுத்திருந்தேன். அதில் குறிப்பிட்டிருந்த சான்றிதழ், என் கணினியில் இருந்த லினக்ஸ் விநியோகத்தின் (டெபியன், உபுண்டு போன்றவை விநியோகங்கள்) சொந்த மூலநிரலில் மட்டும்தான் இருக்கும். "கான்ஃபிக் சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்", "கான்ஃபிக் சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ்" என்ற இரண்டு அமைப்புகளிலும் மேற்கோள் குறிகளுக்குள் இருந்ததை அழித்து வெறுமையாக்கினேன். பில்டு ஓடிவிட்டது. முழு வரியையும் முதல் நாளே படித்திருந்தால் கோப்பின் பெயரே விடையைச் சொல்லியிருக்கும்.

படி 3: யாரிடம் கேட்பது?

கர்னலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது இது. உங்கள் விநியோகம் தரும் மூலநிரல் என்றால் அந்த விநியோகத்தின் உதவிக் குழுவிடம் போங்கள். கர்னல்.ஆர்க் தளத்திலிருந்து இறக்கியது என்றால் புதியவர்களுக்கு உதவும் கர்னல்நியூபீஸ் குழு. ஓஎஃப்டிசி என்ற ஐஆர்சி (எழுத்து அரட்டை) வலையமைப்பில் அவர்களுக்கு ஓர் அறை உண்டு. கேள்வியைப் போட்டுவிட்டு உடனே வெளியேறாதீர்கள். பதில் வர மணிக்கணக்கு ஆகலாம். தமிழிலேயே கேட்கத் தோன்றினால் சென்னையில் ஐலக்சி, விழுப்புரத்தில் விஜிலக் போன்ற லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொல்ல ஒருவர் கிடைப்பது பெரிய வரம்.

கர்னலின் அந்தந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களுக்கு நேராக எழுதுவது கடைசி வழி. கைவைக்காத மூலநிரலிலேயே பிழை இருக்கிறது என்று உறுதியானால் மட்டும் செய்யுங்கள். "ஸ்கிரிப்ட்ஸ்" அடைவில் உள்ள "கெட் மெயின்டெய்னர்" நிரலுக்குப் பிழை வந்த கோப்பின் பெயரைக் கொடுத்தால், யாருக்கு எழுதவேண்டும் என்று அதுவே சொல்லும். மடலை வெறும் எழுத்தாக அனுப்புங்கள். எச்டிஎம்எல் மடலைக் கர்னல் மடற்குழுக்களின் சர்வர் ஏற்காது.

படி 4: கேள்வியில் என்ன இருக்கவேண்டும்?

கர்னல் பதிப்பு, அதை எடுத்த இடம், விநியோகம், ஜிசிசி பதிப்பு, கான்ஃபிக் எங்கிருந்து வந்தது, நீங்கள் தட்டிய கட்டளை, முதல் பிழையும் அதற்கு முந்தைய இருபது வரிகளும். திரையைப் படமெடுத்துப் போடாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்தில் உள்ள வரியை நகலெடுத்துத் தேட முடியாது. என்னென்ன முயன்று பார்த்தீர்கள் என்பதையும் இரண்டு வரியில் சேருங்கள். உங்கள் கணினியின் மொழி ஆங்கிலம் இல்லையென்றால் "எல்சி_மெசேஜஸ்=சி மேக்" என்று ஓட்டிப் பிழைச்செய்தியை ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்து பில்டு முடிந்ததும் பழைய கர்னலை உடனே நீக்கிவிடாதீர்கள். புதியது பூட் ஆகாவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வரலாம். நன்றாக ஓடினால், கேள்வி கேட்ட அதே இடத்துக்குத் திரும்பிப் போய், எந்த மாற்றத்தால் சரியானது என்று எழுதிவிடுங்கள். அடுத்த வாரம் அதே பிழைச்செய்தியைத் தேடிக்கொண்டு இன்னொருவர் அங்கே வருவார்.