வீட்டை விற்பதற்கு முன்

பெயிண்ட் டப்பாவைத் திறக்க அவசரப்படாதீர்கள். முதலில் வெளியே போய், வாங்க வருகிறவரைப் போல வாசல்வழி நுழைந்து பாருங்கள். பழகிய கண்ணுக்குப் படாதது அப்போது படும்.

நான் முதலில் கைவைப்பது ஈரக் கசிவில். குளியலறையை ஒட்டிய சுவரின் வெளிப்பக்கத்தை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தடவுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அது உப்பு. உள்ளே ஈரம் ஊறுகிறது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் விரைவிலேயே கொப்புளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கசிவது குழாயா, ஓடுகளின் இடுக்கா என்று கண்டுபிடித்து அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பூசுங்கள். மூடி மறைத்து விற்பது ஏமாற்று வேலை. அதில் எனக்கு உடன்பாடில்லை.

கிறீச்சிடும் கீலுக்கு எண்ணெய், சொட்டும் குழாய்க்குப் புது வாஷர், எரியாத பல்புக்கு மாற்று. இவை சில்லறை வேலைகள்தான். அலமாரிகளைப் பாதியாவது காலி செய்யுங்கள். வருகிறவர்கள் திறந்து பார்க்கத்தான் செய்வார்கள்! வாசனைத் தெளிப்பான் வேண்டாம், எதை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். ஜன்னல்களைத் திறந்து வைத்தால் போதும்.

பத்திரம், வரி ரசீதுகள், கட்டட வரைபடம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். கேட்பவர்களுக்கு நகலை மட்டும் கொடுங்கள்.