ஊருக்கு ஒரு கால்பந்துச் சங்கம் தொடங்குவது எப்படி?

கோத்தகிரியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். சங்கம் தொடங்க யோசனை கேட்பவர்களிடம் முதலில் மியெல்பி பற்றித்தான் சொல்வேன். சுவீடனின் தென்கரையில், ஹெல்லெவிக் என்ற மீனவக் கிராமத்தில் ஆடும் அணி அது. 1939இல் தொடங்கி, 2025இல் நாட்டின் முதல்நிலை லீக்கையே வென்றது. அந்த நாட்டில் 51 சதவீத விதி உண்டு: பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடம்தான் இருக்கவேண்டும். பணம் உள்ளவர் ஒருவரே சங்கத்தை வளைத்துப்போட முடியாது.

நீங்களும் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கும் எஸ்டேட் முதலாளிக்கும் ஒரே ஓட்டு என்று விதியில் எழுதிவிடுங்கள். வரவு செலவை மாதாமாதம் டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள்.

அப்புறம் பூட்ஸ். ஐப்பசி மழையில் நனைந்தது லேசில் காயாது. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, அது ஊறியதும் வேறு தாள் மாற்றுங்கள். அடுப்போரம் வைத்தால் அடிப்பாகம் பிளந்துவிடும். காலுக்குச் சின்னதாகிவிட்டால் வாங்கிச் சங்க அலமாரியில் அளவு எழுதி வையுங்கள், அடுத்த பிள்ளைக்கு ஆகும்.

பெண் பிள்ளைகளுக்கான மைதான நேரத்தை முதல் வாரமே ஒதுக்குங்கள். பிறகு பார்க்கலாம் என்றால் கிடைக்கவே கிடைக்காது.