வைல்டு கார்டு: ஆண்டைப் பார்க்காமல் எழுதுவதால் நேரும் பிழைகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலைப் பற்றி எழுதும்போது ‘வைல்டு கார்டு’ என்ற சொல்லின் பொருளிலேயே முதல் பிழை நேர்ந்துவிடுகிறது. டென்னிஸில் அது போட்டியை நடத்துவோர் தாமாக விரும்பி அளிக்கும் இடம். தொலைக்காட்சிப் போட்டிகளிலோ பாதியில் நுழைபவருக்கு அந்தப் பெயர். பேஸ்பாலில் அந்த இடத்தை யாரும் யாருக்கும் அளிப்பதில்லை. தன் பிரிவில் முதலிடத்தைத் தவறவிட்ட அணிகளுள் எது அதிக வெற்றி விகிதம் பெற்றிருக்கிறதோ, அதுவே வழக்கமான சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைகிறது. ஆகவே ‘சிறப்பு அனுமதி பெற்ற அணி’ என்று எழுதுவது, ஏறத்தாழ ஆறு மாதம் ஆடி ஈட்டியதை இனாமாகக் காட்டுவதாகும்.

இந்த முறை எப்போது தொடங்கியது என்பதில் அடுத்த குழப்பம். மேஜர் லீக் பேஸ்பாலுக்குள் அமெரிக்கன், நேஷனல் என இரண்டு லீக்குகள் உண்டு. 1969 முதல் 1993 வரை ஒவ்வொரு லீக்கிலும் இரண்டே பிரிவுகள் இருந்தன. பிரிவில் முதலிடம் பெறாத அணிக்கு வழியே இல்லை. 1993இல் 103 ஆட்டங்களில் வென்ற சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், 104 வெற்றி பெற்ற அட்லாண்டா பிரேவ்ஸுக்குப் பின்தங்கி வெளியேறியது. அந்த அநியாயத்தைக் கண்டுதான் வைல்டு கார்டு வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அணி உரிமையாளர்கள் இம்மாற்றத்துக்கு வாக்களித்தது 1993 செப்டம்பரில், அந்தப் பந்தயம் முடிவதற்கு முன்பே. லீக்குக்கு மூன்று பிரிவுகளும் ஒரு வைல்டு கார்டும் என்ற புதிய முறை 1994இல் நடைமுறைக்கு வந்தபோதும், வேலைநிறுத்தத்தால் அந்த ஆண்டின் பிளே ஆஃப் ஆட்டங்களே நடைபெறவில்லை. ஆகவே முதல் வைல்டு கார்டு அணிகள் 1995இல் தகுதி பெற்ற கொலராடோ ராக்கீஸும் நியூயார்க் யாங்கீஸும்தான்.

வைல்டு கார்டு அணியையும் வைல்டு கார்டு ஆட்டத்தையும் ஒன்றாக எண்ணுவது இன்னொரு பிழை. 1995 முதல் 2011 வரை லீக்குக்கு ஒரே ஒரு வைல்டு கார்டு அணி இருந்ததால், அது நேராக ஐந்து ஆட்டங்கள் கொண்ட பிரிவுத் தொடருக்குச் சென்றது. 1997இல் அவ்வழியே நுழைந்து, இரு லீக்குகளின் வெற்றியாளர்களும் மோதும் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற முதல் அணியான புளோரிடா மார்லின்ஸ், வைல்டு கார்டு ஆட்டம் எதையும் ஆடியதில்லை. அப்படியோர் ஆட்டம் அன்று இருக்கவே இல்லை.

மிகுந்த கவனம் வேண்டிய இடம், 163ஆம் ஆட்டம் எனப்படும் சமன்முறிப்பு ஆட்டம். வழக்கமான சீசனின் 162 ஆட்டங்கள் முடிந்தபோது பிளே ஆஃப் இடத்துக்கு இரு அணிகள் சமநிலையில் நின்றால், அவற்றுக்கிடையே கூடுதலாக ஓர் ஆட்டம் நடத்தப்பட்டது. 2007இல் ராக்கீஸ் அணி சான் டியேகோ பாட்ரேஸை 13 இன்னிங்ஸில் 9-8 என வென்ற ஆட்டம் இவ்வகையினது; வெற்றி ரன்னுக்காக ராக்கீஸின் மாட் ஹாலிடே சறுக்கி வந்தபோது, ரன் எடுக்கத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டைத் தொட்டாரா என்ற வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதை வைல்டு கார்டு ஆட்டம் என்றும் பிளே ஆஃப் என்றும் குறிப்பிடுவோர், அது வழக்கமான சீசனின் கணக்கில் சேர்ந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். 2013இல் டம்பா பே ரேஸ் அடுத்தடுத்து இரண்டு வாழ்வா சாவா ஆட்டங்களை ஆடியது: டெக்சஸ் ரேஞ்சர்ஸை வென்றது சீசன் கணக்கு, இரண்டு நாள் கழித்துக் கிளீவ்லாண்டை வென்றது பிளே ஆஃப் கணக்கு. ஒரு வீரரின் புள்ளிவிவரத்தை எடுத்தெழுதும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் எண்கள் பொருந்தாமல் போகும்.

லீக்குக்கு இரண்டு வைல்டு கார்டு அணிகள் என்ற முறை 2012இல் வந்தது. அவை இரண்டும் ஒரே ஆட்டத்தில் மோதின. 2015இல் 98 வெற்றி பெற்ற பிட்ஸ்பர்க் பைரட்ஸ், சிகாகோ கப்ஸின் பந்துவீச்சாளர் ஜேக் அரியெட்டாவிடம் ஒரே இரவில் 4-0 எனத் தோற்று வீடு திரும்பியதைப் பார்த்தால், இம்முறையை எதிர்த்தோரின் கோபம் விளங்கும். 2021 வரை பத்து ஆண்டுகள் இது தொடர்ந்ததாக எழுதுவதும் பிழைதான். 60 ஆட்டங்களாகச் சுருங்கிய 2020இல் 16 அணிகள் தகுதி பெற்று, முதல் சுற்றில் மூன்று ஆட்டத் தொடர்களை ஆடின. எனவே ஒற்றை ஆட்டங்கள் மொத்தம் 18, இருபது அல்ல.

2022 முதல் லீக்குக்கு மூன்று வைல்டு கார்டு அணிகள். ஆட்டத்துக்குப் பதிலாக மூன்று ஆட்டத் தொடர், அதுவும் முழுவதும் தரவரிசையில் மேலிருக்கும் அணியின் மைதானத்திலேயே. இத்தொடரில் ஆடுவோர் அனைவரும் வைல்டு கார்டு அணிகள் என்று கொள்ளக் கூடாது. பிரிவில் முதலிடம் பெற்ற மூன்று அணிகளுள் கடைசியானதும் இதில் ஆட வேண்டும். 163ஆம் ஆட்டமும் ஒழிந்தது. 2023இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் ரேஞ்சர்ஸும் தலா 90 வெற்றியுடன் சமமாக நின்றபோது, இரண்டும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் மேலோங்கியிருந்த ஆஸ்ட்ரோஸுக்குப் பிரிவுப் பட்டம் சென்றது. வைல்டு கார்டு வழியே நுழைந்த ரேஞ்சர்ஸ், அதே ஆஸ்ட்ரோஸை லீக் இறுதித் தொடரில் வீழ்த்தி, 84 வெற்றியுடன் வந்திருந்த மற்றொரு வைல்டு கார்டு அணியான அரிசோனாவையும் தோற்கடித்து உலகத் தொடரை வென்றது. 1993இல் உரிமையாளர்கள் 27-1 என இம்முறைக்கு இசைந்தபோது எதிர்த்து விழுந்த அந்த ஒற்றை வாக்கு, ரேஞ்சர்ஸை அன்று நிர்வகித்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுடையது.