காயலாங்கடை இரும்புல ரோட்டோர சிலை செய்யணுமா

டெல்லி சராய் காலே கான்ல 2019ல திறந்த வேஸ்ட் டு வொண்டர் பார்க்ல உலகப்புகழ் பெற்ற ஏழு சின்னங்களோட மாதிரிய சுமார் 150 டன் பழைய இரும்புல செஞ்சு வெச்சிருக்காங்க, அத பார்த்துட்டு நம்ம பீச் ரோட்டுலயும் ஒண்ணு வெப்போம்னு கிளம்புறவங்க ஜாஸ்தி. தாராளமா வைங்க, ஆனா டெல்லில உப்புக்காத்து கிடையாது, இங்க டிசைன் போடும்போதே தண்ணி எங்க தேங்கும்னு பார்த்தாகணும்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய வண்டி பாகம் விக்கிற எடத்துல செயின், பேரிங், கியர் வீலுனு அள்ளலாம். பெட்ரோல் டேங்க் மட்டும் வேணாம், காலியா இருந்தாலும் உள்ள ஆவி நிக்கும், வெல்டிங்ல வெடிச்சிடும், ஷாக் அப்சார்பர்லயும் பிரஷர் இருக்கும், தொடாதீங்க. பிரேக் டிரம் பார்க்க அம்சமா இருக்கும் ஆனா அது வார்ப்பிரும்பு, சாதா வெல்டிங் ராடுல பத்த வெச்சா ஆறும்போது டிக்குனு விரிசல் விடும், ஒண்ணு நிக்கல் ராடு வாங்குங்க இல்ல போல்ட்டு போட்டு மாட்டிடுங்க. ஜிஐ பைப்னா, அதாவது துத்தநாகம் பூசின பைப்னா, வெல்டு வெக்கிற எடத்துல துத்தநாகத்த சுரண்டி எடுத்துடணும், அந்த வெள்ளப்புகைய இழுத்தா ராத்திரி குளிர்ஜுரம்தான், பால் குடிச்சா சரியாயிடும்னு பட்டறைல சொல்வாங்க, நம்பாம மாஸ்க் போடுங்க.

ரெண்டு தகடு ஒண்ணுமேல ஒண்ணு படியிற எடம்தான் எமன். நடுவுல தண்ணி பூந்து துருப்பிடிச்சா துரு உப்பி தகட்டையே நெம்பி விட்டுடும், அதனால புள்ளி புள்ளியா ஒட்டாம சுத்தி முழுசா வெல்டு ஓட்டுங்க. கிண்ணம் மாதிரி மேல பார்த்து இருக்குற பாகத்துக்கெல்லாம் அடில 10 மில்லிமீட்டர்ல ஓட்ட போடுங்க. பெயிண்டுக்கு முன்னாடி ஒரு வாளி தண்ணிய தலைல ஊத்திப் பாருங்க, எங்க நிக்குதோ அங்க இன்னொரு ஓட்ட.

செயின்ல எண்ணெப்பிசுக்கு இருந்தா எந்த பெயிண்டும் பிடிக்காது, மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு சோப்புல அலசிக் காய வைங்க. அப்புறம் வயர் பிரஷ், ஜிங்க் பிரைமர், எபாக்சி, மேல பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமர் கடற்கரைல தாங்காது, துரு கலர்லயே விட்டா அழகுன்னு சொல்றவங்க சட்ட கறையாகுற வரைக்கும்தான் சொல்வாங்க.

பசங்க ஏறத்தான் செய்வாங்க, போர்டு வெச்சு பிரயோஜனம் இல்ல. கைக்கெட்டுற விளிம்பெல்லாம் கிரைண்டர்ல மழுக்கிடுங்க, சந்து 9 செமீக்கு கம்மியா இல்ல 23 செமீக்கு மேல இருக்கணும், இந்த ரெண்டு அளவுக்கும் நடுவுல இருந்தா தல மாட்டிக்கும். ஆள் உயரத்துக்கு மேல போனா அஸ்திவாரத்தையும், சிலைய பிடிச்சு நிறுத்த அதுல புதைக்கிற ஜே போல்ட்டையும் இன்ஜினியர் கணக்குப் போடட்டும், காத்து தள்ளுற தள்ளு லேசுப்பட்டது இல்ல. பின்னாடி பெயிண்ட் டச்சப் பண்ற செலவ எஸ்டிமேட்லயே சேர்த்துடுங்க, திறப்புவிழா முடிஞ்சப்புறம் கேட்டா ஒருத்தரும் தர மாட்டாங்க.